தச்சன் கையெழுத்து

ஒரு வீட்டுக்குள் அடியெடுத்து வைத்ததும் நாற்காலியும் மேஜையும் அலமாரியுமே நமக்கு முதலில் நல்வரவு கூறுகின்றன. அவற்றை வாங்கியவரின் செல்வ நிலையும் ரசனையும் உடனே நமக்குப் புலப்பட்டு விடுகின்றன. ஆனால் அவற்றைச் செய்தவன் யார்? எத்தகைய பட்டறையில் இருந்து செய்தான்? செய்யும்போது அவன் மனம் மகிழ்ந்ததா, மரத்துப் போயிருந்ததா? இவ்வினாக்களை நாம் சாதாரணமாக எழுப்புவதில்லை. விலை என்னவென்று கேட்பதோடு நம் விசாரணை முடிந்து விடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு சிலர் இவ்வினாக்களைத் துணிந்து எழுப்பினார்கள். அதிலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது. கலையும் கைத்தொழிலும் ஒன்றே என்னும் கருத்தோடு அதற்கு 'ஆர்ட்ஸ் அண்டு கிராப்ட்ஸ்' என்று பெயரிட்டார்கள். நெசவு, அச்சு, மட்பாண்டம், வெள்ளி வேலை எனப் பல துறைகளை அது தழுவியதாயினும், அதன் கொள்கை தெள்ளத் தெளிய விளங்குவது மரச் சாமான்களிலேதான். அதன் வரலாற்றையும், அது மரத்தில் கண்ட அழகையும், அது எய்திய வெற்றி தோல்விகளையும் நேயர்களுக்கு இங்கே எடுத்துரைப்போம்.

யந்திரம் செதுக்கிய பூ

1851-ம் வருஷம் லண்டனில் பளிங்கு மாளிகை என்ற பெயர் பெற்ற கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு மகத்தான பொருட்காட்சி நடைபெற்றது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரையில் அறுபது லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். யந்திர யுகத்தின் வெற்றி விழா என்றே அதைச் சொல்ல வேண்டும். அங்கே வைத்திருந்த மரச் சாமான்களில் வெறும் பலகையைக் காண்பது அரிதாயிருந்தது. பூங்கொத்தும் சிங்கமுகமும் தேவதைகளும் இண்டு இடுக்கெல்லாம் நிறைந்திருந்தன. மரத்தில் செதுக்கு வேலை செய்யும் யந்திரம் ஒன்றை ஜோர்டான் என்பவர் 1845-லேயே பதிவு செய்திருந்தார். லண்டன் பார்லிமெண்டு மாளிகையின் அலங்கார வேலைக்கும் அது பயன்பட்டது. ஒரு தச்சன் பல நாள் உட்கார்ந்து செதுக்க வேண்டிய பூவை யந்திரம் எளிதில் செதுக்கித் தள்ளியது. அலங்காரம் மலிந்தது, மலிந்ததனாலேயே பொருளற்றும் போயிற்று.

அந்தக் காட்சிக்குப் பெற்றோருடன் சென்ற பதினேழு வயதுப் பையன் ஒருவன் உள்ளே நுழைய மறுத்து வெளியிலேயே உட்கார்ந்து விட்டான் என்று சொல்வதுண்டு. அவன்தான் வில்லியம் மாரிஸ். பின்னாளில் கவிஞராகவும், சித்திரத் துணி அமைப்பாளராகவும், சமதர்மப் பிரசாரகராகவும் புகழ் பெற்ற அந்த மாரிஸே இவ்வியக்கத்தின் உயிர்நாடியாக விளங்கினார்.

மாரிஸுக்குக் குருவாக வாய்த்தவர் ஜான் ரஸ்கின். வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பற்றி ரஸ்கின் எழுதிய பெருநூலின் இரண்டாம் பாகம் 1853-ல் வெளிவந்தது. பழைய தேவாலயங்களின் கற்களில் காணும் சிறு கோணல்களைக் கூட அவர் கொண்டாடினார். சுதந்தரமுள்ள ஒரு மனிதன் தானே யோசித்துச் செய்த வேலை என்பதற்கு அந்தக் கோணலே சாட்சி என்பது அவர் வாதம். பிறர் வரைந்த கோட்டை இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப இழுக்கும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்தினால், பொருள் சுத்தமாக அமையும். ஆனால் மனிதன் கருவியாகி விடுவான் என்று அவர் எச்சரித்தார்.

இந்த ரஸ்கின் நம் தேசத்துக்கும் அந்நியர் அல்லர். அவருடைய மற்றொரு நூலாகிய 'அண்டு திஸ் லாஸ்ட்' என்பதைத்தான் காந்தியடிகள் 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயில் பிரயாணத்தில் படித்தார். அதன் விளைவாகவே பீனிக்ஸ் குடியிருப்புத் தோன்றியது. அந்நூலின் சாரத்தை 1908-ல் குஜராத்தியில் எழுதி 'சர்வோதயம்' என்று அவர் பெயரிட்டார். இங்கிலாந்தின் மரத் தச்சனுக்கும் நம் நாட்டு ராட்டைக்கும் இப்படி ஒரு மூல ஊற்று பொதுவாக அமைந்திருக்கிறது.

கடையில் கிடைக்காத மேஜை

1856-ல் மாரிஸும் அவருடைய ஓவிய நண்பர் பர்ன் ஜோன்ஸும் லண்டனில் ரெட் லயன் சதுக்கத்தில் குடியேறினார்கள். தங்கள் மனத்துக்குப் பிடித்த ஒரு மேஜையோ நாற்காலியோ எந்தக் கடையிலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாரிஸ் தாமே படம் வரைந்து ஒரு தச்சரிடம் கொடுத்துச் செய்வித்தார். மேஜை பாறாங்கல்லைப் போல் கனத்தது. நாற்காலிகள் பழங்காலத்து அரக்கர்களுக்குச் செய்தவைபோல் இருந்தன. நண்பர்கள் நகைத்தார்கள். ஆனால் ஓர் உண்மை மாரிஸுக்குப் புலனாயிற்று: நல்ல பொருள் வேண்டுமானால் அதைச் செய்விக்கும் ஏற்பாட்டையும் நாமேதான் உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

1859-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. கட்டடச் சிற்பியான பிலிப் வெப் அவருக்காக 'சிவப்பு வீடு' என்னும் இல்லத்தை அமைத்துக் கொடுத்தார். அதற்கு வேண்டிய சாமான்களையும் நண்பர்களே கூடிச் செய்தார்கள். அந்த உற்சாகம் 1861-ல் ஒரு வியாபார ஸ்தாபனமாக மலர்ந்தது.

அந்த ஸ்தாபனத்தின் சாமான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சித்திரம் தீட்டிய பெரிய அலமாரிகள். அவை செல்வர்களின் மாளிகைக்கு உரியவை. மற்றொன்று, நித்திய உபயோகத்துக்கான எளிய நாற்காலிகள். இரண்டாவது வகையே உலகப் புகழ் பெற்றது. சஸெக்ஸ் ஜில்லாவின் கிராமத்து நாற்காலியை முன்மாதிரியாகக் கொண்டு, மெல்லிய கடைசல் கால்களும் கோரையால் பின்னிய இருக்கையும் உள்ள 'சஸெக்ஸ் நாற்காலி' பிறந்தது. 1866-ல் ஸ்தாபனத்தின் நிர்வாகியான வாரிங்டன் டெய்லர் அதே ஜில்லாவில் ஒரு முதிய தச்சரின் பட்டறையில் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளி அமைக்கத்தக்க ஒரு நாற்காலியைக் கண்டார். வெப் அதைத் திருத்தி அமைத்தார். 'மாரிஸ் நாற்காலி' என்று இன்றும் உலகம் அதை அழைக்கிறது. மாரிஸின் பெயர் தாங்கிய அந்த நாற்காலியின் மூலம் ஒரு கிராமத் தச்சரின் பட்டறையே என்பதை நாம் மறக்கலாகாது.

மரச் சாமானின் இலக்கணம்

இவ்வியக்கத்தாரின் சாமான்களை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது எப்படி? அதற்குச் சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது, மரம். தங்கள் நாட்டில் விளையும் ஓக் மரத்தையே பெரும்பாலும் அவர்கள் விரும்பினார்கள். மலிவான மரத்தின்மேல் விலையுயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டி ஏமாற்றுவதை அவர்களில் பலர் வெறுத்தார்கள். ஓக் மரத்தை மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஆரம் ஆரமாக அறுத்தால், வெள்ளி இழைபோல் மின்னும் ரேகைகள் பலகையில் தோன்றும். அப்படி அறுத்த பலகை எளிதில் கோணுவதும் இல்லை. அழகும் உறுதியும் ஒரே அறுப்பில் கிடைத்து விடுகின்றன.

இரண்டாவது, மூட்டு. பலகையோடு பலகை சேரும் இடத்தை மறைப்பதே முந்திய வழக்கம். இவர்களோ அதையே அலங்காரமாக்கினார்கள். ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் சீவி மற்றொன்றின் துளையில் நுழைத்து, மறுபக்கம் வெளியே தெரியும்படி விட்டு, ஆப்பு வைத்து இறுக்கினார்கள். இழுப்பறையின் மூலைகளில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பதைப் பார்ப்பவர் காணும்படி வைத்தார்கள். மூட்டு வெளியே தெரிந்தால் பிழை செய்ய இடமில்லை. தச்சனின் திறமையும் நேர்மையும் அங்கே பகிரங்கமாக நிற்கின்றன. அதுவே அவனுடைய கையெழுத்து.

மூன்றாவது, மரத்தின் சுபாவத்தை அறிந்து நடத்தல். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உண்டு பருக்கும், வறட்சியில் சுருங்கும். ஆகவே அகலமான பலகையைச் சட்டத்தில் ஆணியடித்துச் சிறைப்படுத்தாமல், சட்டத்தின் பள்ளத்தில் தளர்வாகப் பொருத்தி விடுவார்கள். மரம் தன் இஷ்டம்போல் அசைந்து கொள்ளும், வெடிக்காது.

நான்காவது, மேற்பூச்சு. பளபளக்கும் வார்னிஷைத் தவிர்த்து, பெரும்பாலும் மரத்தை வெறுமையாகவோ மெழுகு தேய்த்தோ விட்டார்கள். வாய்ஸி என்னும் சிற்பி ஓக் மரத்துக்கு மெருகே இடாமல் விடுவதைப் பெரிதும் விரும்பினார். வேறு சிலர் சாமானை மூடிய அறையில் வைத்து அம்மோனியா ஆவியைப் படச் செய்தார்கள். ஓக் மரத்திலுள்ள துவர்ச்சத்து அந்த ஆவியோடு கலந்து, பல வருஷப் பழமை பெற்றாற்போன்ற பழுப்பு நிறத்தைத் தருகிறது. மேலே பூசிய வர்ணம் தேய்ந்து போகும். இந்த நிறமோ மரத்தின் உள்ளேயே ஊறி நிற்கிறது.

செய்தவன் பெயர்

1882-ல் மக்மர்டோ என்பவர் ஒரு கலைஞர் சங்கத்தைத் தொடங்கினார். 1884-ல் கலைத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. 1887-ல் தோன்றிய ஒரு பொருட்காட்சிச் சபைக்குப் பெயர் வைக்கும்போதுதான், புத்தகக் கட்டட வல்லுநரான காப்டன் சாண்டர்ஸன் 'ஆர்ட்ஸ் அண்டு கிராப்ட்ஸ்' என்ற தொடரைத் தந்தார். அச்சபையின் முதல் காட்சி 1888-ல் லண்டனில் நடந்தது. ஓவியர் வால்டர் கிரேன் அதன் தலைவர்.

அக்காட்சியில் ஒரு புதுமை இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதைத் திட்டமிட்டவர் பெயரோடு, அதைத் தம் கையால் செய்தவர் பெயரையும் விவரப் பட்டியலில் அச்சிட வேண்டுமென்று சபையார் ஏற்பாடு செய்தார்கள். கேட்பதற்கு இது சிறிய காரியம். ஆனால் அதுவரையில் கடைக்காரன் பெயரே சாமானின் பெயராயிருந்தது, தச்சன் பெயரற்றவன். ஒரு தொழிலாளியின் பெயரை அச்சில் ஏற்றுவது அவனை மனிதனாக மதிப்பதன் முதற்படி என்றே நாம் கருதுகிறோம்.

கிராமம் சென்ற மூவர்

லெஸ்டர் நகரத்து இளைஞர் எர்னஸ்ட் ஜிம்ஸன் 1884-ல் தம் ஊருக்குச் சொற்பொழிவாற்ற வந்த மாரிஸைச் சந்தித்தார். அன்று முதல் அவர் வாழ்க்கைப் பாதை மாறியது. 1890-ல் அவர் லண்டனில் நண்பர்களோடு 'கென்டன் கம்பெனி' என்ற மரப் பட்டறையைத் தொடங்கினார். போதிய முதலின்றி அது 1892-ல் மூடப்பட்டது. அதே 1890-ல் அவர் வேறொரு காரியமும் செய்தார். ஹெரிபோர்டு ஜில்லாவின் பாஸ்பரி கிராமத்தில் பிலிப் கிளிஸெட் என்ற முதியவர் ஒருவர் நாற்காலி செய்து வந்தார். படித்த பட்டணத்து இளைஞரான ஜிம்ஸன் அவரிடம் சென்று சில வாரங்கள் தொழில் பயின்றார்.

கிளிஸெட்டின் கடைசல் பட்டறைக்கு நீராவியும் இல்லை, மின்சாரமும் இல்லை. வளையும் இளமரக் கழி ஒன்றில் கயிற்றைக் கட்டி, அதைக் கடைய வேண்டிய கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுநுனியைக் காலால் மிதிப்பார். மிதிக்கும்போது கட்டை ஒரு பக்கம் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை இழுக்க, மறுபக்கம் சுழலும். ஈரம் காயாத ஆஷ் மரத்தைப் பிளந்து, சீவி, கடைந்து, கோரையால் இருக்கை பின்னி அவர் நாற்காலி செய்தார்.

1893-ல் ஜிம்ஸனும் சகோதரர்களான எர்னஸ்ட் பார்ன்ஸ்லி, சிட்னி பார்ன்ஸ்லி ஆகியோரும் லண்டனை விட்டுக் காட்ஸ்வோல்டு மலைநாட்டில் குடியேறினார்கள். 1902 முதல் ஸாப்பர்டன் கிராமத்தருகே டேன்வே மாளிகையில் ஜிம்ஸனின் பட்டறை நடைபெற்றது. பீட்டர் வால்ஸ் என்ற ஹாலந்து நாட்டவர் அதன் மேஸ்திரி. பிடிகளையும் கீல்களையும் ஊர்க் கொல்லன் மகனான ஆல்பிரட் பக்னெல் அடித்துக் கொடுத்தார். உழவர்களின் மாட்சியே அவர்களுக்குப் பாடநூல். வண்டித் தச்சன் பாரத்தைக் குறைப்பதற்காக மரத்தின் விளிம்புகளைச் சரிவாகச் செதுக்குவதைக் கண்டு, அந்தச் சரிவையே மேஜைக் கால்களுக்கு அழகாக்கினார்கள். வைக்கோல் வாரும் பலுகின் கிளைத்த வடிவத்தை மேஜையின் அடிச்சட்டமாக அமைத்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜிம்ஸன் படம் வரைந்தார். கைதேர்ந்த தச்சர்கள் செய்தார்கள். சிட்னி பார்ன்ஸ்லியோ தாமே வரைந்து, தாமே அறுத்து, தாமே இழைத்துப் பூட்டினார். ரஸ்கின் விரும்பியபடி சிந்தனையும் கையும் ஒரே மனிதனிடம் குடியிருந்தது சிட்னியின் தனிப் பட்டறையில்தான். அவர் மகன் எட்வர்ட் 1923-ல் ஹாம்ப்ஷயரில் பொறுப்பேற்ற பட்டறை இன்றும் மாணவர்களைப் பயிற்றி வருகிறது. ஜிம்ஸன் ஊக்கிய எட்வர்ட் கார்டினர் நாற்காலித் தொழிலைக் கற்றார். 1939-ல் அவரிடம் நெவில் நீல் என்ற சிறுவர் சேர்ந்தார். கிளிஸெட்டின் மிதிபட்டறையில் தொடங்கிய அந்தக் குருபரம்பரை அறுபடாமல் வந்திருக்கிறது.

காம்ப்டனும் குமாரசுவாமியும்

லண்டனின் ஏழை மக்கள் வாழும் கீழ்ப்பகுதியில் ஆஷ்பி என்பவர் 1888-ல் ஒரு கைத்தொழிற் சங்கமும் பள்ளியும் தொடங்கினார். மரவேலை, வெள்ளி வேலை, அச்சு ஆகியவை அங்கே நடந்தன. 1902-ல் சங்கத்தார் மனைவி மக்கள் சகிதம் ஏறக்குறைய 150 பேர் லண்டனை விட்டுச் சிப்பிங் காம்ப்டன் என்னும் சிற்றூருக்குப் புறப்பட்டார்கள். பட்டறையோடு தோட்டமும் விளையாட்டும் நாடகமும் சேர்ந்த முழு வாழ்வை நாடிச் சென்ற யாத்திரை அது.

இந்தக் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. இலங்கைத் தமிழரான ஸர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, காம்ப்டனுக்கு அருகே பாழடைந்து கிடந்த பழைய நார்மன் கோயிற் கட்டடமொன்றை ஆஷ்பியைக் கொண்டு புதுப்பித்து 1907-ல் அங்கே குடியேறினார். மாரிஸ் தம் அச்சகத்தில் உபயோகித்த கைஅச்சு யந்திரம் ஆஷ்பியிடம் வந்து, பின் குமாரசுவாமியின் வசமாயிற்று. இலங்கையின் இடைக்காலக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908-ல் அந்த யந்திரத்திலேயே அச்சாயிற்று. மறு வருஷம் அவர் எழுதிய 'இந்தியக் கைவினைஞன்' என்ற நூலுக்கு ஆஷ்பி முன்னுரை வழங்கினார். அந்நிய ஆதிக்கத்தில் நலிந்த நம் கம்மாளர்களின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்த பேனா, இங்கிலாந்தின் அந்தச் சிற்றூரிலும் கூர் தீட்டப்பட்டது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

ஆனால் ஆஷ்பியின் சங்கம் நீடிக்கவில்லை. சந்தை லண்டனில், பட்டறை தொலைவில். அவர்களுடைய பாணியைப் பார்த்துப் பெரிய கடைகள் யந்திரத்தால் மலிவாகச் செய்து விற்றன. 1908-ல் சங்கம் கலைந்தது. சிலர் ஊரிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தார்கள். சங்கம் இருந்த பழைய பட்டு ஆலைக் கட்டடத்தில் வெள்ளி வேலைப் பட்டறை ஒன்று இன்றும் நடக்கிறது.

கடல் கடந்த கொள்கை

அமெரிக்காவில் கஸ்டவ் ஸ்டிக்லி இக்கொள்கையை மத்திய தர வீடுகளுக்குக் கொண்டு சென்றார். 1901 அக்டோபரில் அவர் தொடங்கிய 'தி கிராப்ட்ஸ்மன்' பத்திரிகையின் முதல் இதழ் மாரிஸுக்கும், இரண்டாவது ரஸ்கினுக்கும் உரித்தாக்கப்பட்டது. யந்திரத்தை அவர் விலக்கவில்லை. அறுப்பதும் இழைப்பதுமான பளு வேலைக்கு அதை ஏவி, கடைசிப் பக்குவத்தைக் கைக்கு விட்டார். வீட்டிலேயே சாமான் செய்து கொள்ள விரும்பும் வாசகர்களுக்காக அளவுப் படங்களையும் பத்திரிகையில் வெளியிட்டார். தம் வியாபாரத்துக்கே இதனால் நஷ்டம் வரலாம் என்று அவர் அஞ்சவில்லை. 1913-ல் நியூயார்க் நகரில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் எடுத்த துணிச்சலே வினையாயிற்று. 1915-ல் அவர் கடனாளியாகித் திவாலானார். 1916-ல் பத்திரிகையும் நின்றது.

கலிபோர்னியாவின் பாஸடீனா நகரில் கிரீன் சகோதரர்கள் 1908-லும் 1909-லும் கட்டிய காம்பிள் மாளிகை இவ்வியக்கத்தின் மற்றொரு சிகரம். அதன் சாமான்களைச் செய்தவர்கள் ஹால் சகோதரர்கள். மூட்டுகளின்மேல் வைத்த சிறு கருங்காலி முளைகள் கண்ணுக்கு மணிகள்போல் தோன்றுகின்றன.

விலை என்னும் வினா

இனி, இவ்வியக்கத்தின் நெஞ்சில் தைத்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் நல்ல பொருள் என்பது மாரிஸின் கனவு. ஆனால் ஒரு தச்சன் பல வாரம் உழைத்துச் செய்த அலமாரியை மற்றொரு தச்சன் வாங்க முடியுமா? முடியவில்லை. தம் உழைப்பெல்லாம் செல்வரின் போகத்துக்கே பயன்படுகிறதே என்று மாரிஸ் மனம் கசந்தார். சமதர்ம மேடைகளில் அவர் ஏறியதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். அவருடைய ஸ்தாபனம் 1940-ல் மூடப்பட்டது. ஸ்டிக்லி தம் சொந்த வீட்டுக்கென்று செய்த பாத்திர அலமாரி ஒன்றை 1988-ல் பாடகி பார்பரா ஸ்டிரைஸாண்டு 3,63,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். எளிய வீடுகளுக்கென்று பிறந்த பாணிக்கு நேர்ந்த கதி அது!

ஆகவே இவ்வியக்கம் தோற்றது என்று சொல்லி விடலாமா? கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆயினும் அது எழுப்பிய வினா தோற்கவில்லை. மலிவான சாமானின் விலையை வாங்குகிறவன் முழுவதும் கொடுப்பதில்லை. ஒரு பங்கை அதைச் செய்தவன் தன் சலிப்பாலும் குறைந்த கூலியாலும் கொடுக்கிறான். சில வருஷங்களில் உடைந்து குப்பைக்குப் போகும் நாற்காலி மலிவும் அல்ல. நாலு முறை வாங்கிய பின்தான் நம்மில் பலருக்கு அந்தக் கணக்குப் புரிகிறது. யந்திரத்தை அறவே ஒழிக்க வேண்டுமென்று மாரிஸும் சொல்லவில்லை. மனிதனை வருத்தும் பளுவை அது சுமக்கட்டும். மனிதனுடைய சிந்தனையை அது பறிக்க வேண்டாம் என்பதே அவர் கட்சி. ஸ்டிக்லி அனுசரித்த வழியும் அதுவே. நமக்கும் அந்த வழியே நியாயமாகத் தோன்றுகிறது.

வீட்டுக்கு ஒரு மேஜை வாங்கப் போகும் நேயர்கள் மேற்பலகையின் பளபளப்பை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். மேஜையைக் கவிழ்த்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். மூட்டு இறுகியிருக்கிறதா, வெறும் ஆணியும் பசையுமா என்று கவனியுங்கள். செய்தவர் பெயர் என்னவென்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வரும்போது அவர் தெரிந்து வைத்துக் கொண்டிருப்பார்.